மாணவர் செயல்பாடு: அந்தக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?

கேள்வி: நான் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி. கணிதம் என் பாடம். எங்கள் வட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இன்டர்ன்ஷிப் போகிறேன், இது நான்காவது வாரம். எட்டாம் வகுப்பு, தமிழ் வழி, 42 பேர். வகுப்பு சார் உள்ளே இருந்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அவர் வெளியே போனால் சந்தைக்கடைதான். போன வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து மேடம் பார்க்க வந்திருந்தபோது கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். மூன்று இரவு உட்கார்ந்து எழுதிய பாடக்குறிப்பில் பாதிகூட நடத்த முடியவில்லை. 'கிளாஸ் கன்ட்ரோல் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சார் கையில் பிரம்பைக் கொடுத்து, 'ரெண்டு போடும்மா, தானா அடங்கிடுவாங்க' என்கிறார். எனக்கு அடிக்க வரவில்லை. அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. அன்றைய பாடக்குறிப்பைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம் ஐயா.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தைவிட நீங்கள் அனுப்பிய பாடக்குறிப்பைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். ஆறு பக்கம். தலைப்புகள் சிவப்பு மையில், அடிக்கோடுகள் அளவுகோல் வைத்து. கற்றல் விளைவுகள், முன்னறிவு, ஊக்குவித்தல், பாட வளர்ச்சி, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று எதுவும் விடுபடவில்லை. 'ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்' முற்றொருமையை, அதாவது (a + b)² = a² + 2ab + b² என்பதை, நிறுவும் விதமும் சரிதான். மூன்று இரவு உழைத்தது தெரிகிறது.

அந்தப் பக்கத்தை இரண்டாக மடித்து வலப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். 'மாணவர் செயல்பாடு' என்று தலைப்பிட்ட கட்டம். 'மாணவர்கள் கவனிக்கின்றனர்.' 'மாணவர்கள் உற்றுநோக்குகின்றனர்.' 'மாணவர்கள் பதிலளிக்கின்றனர்.' மறுபடி 'கவனிக்கின்றனர்.' எண்ணினேன். ஒன்பது இடத்தில் கவனிக்கிறார்கள், நான்கு இடத்தில் பதில் சொல்கிறார்கள், ஓர் இடத்தில் 'குறிப்பெடுக்கின்றனர்'. நாற்பது நிமிடத்தில் நீங்கள் எழுதுகிறீர்கள், வரைகிறீர்கள், விளக்குகிறீர்கள், கேட்கிறீர்கள். 42 பிள்ளைகளுக்குக் கையில் வேலையே இல்லை. பதின்மூன்று வயதுப் பையன் மதியச் சாப்பாடு முடித்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் 'உற்றுநோக்குவான்'? கடைசி பெஞ்ச் சண்டை அந்தக் கட்டத்தில்தான் தொடங்கியது என்பது என் முடிவு.

இதை உங்கள் தவறு என்று சொல்ல வரவில்லை. பதினான்கு ஆண்டு ஒரு கல்வியியல் கல்லூரியில் நான் திருத்திய பாடக்குறிப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. நாங்களும் அதற்கு மதிப்பெண் போட்டோம். ஆசிரியர் செய்வதை எழுதும் இடப்பக்கம் நீளமாக இருந்தால் நல்ல பாடக்குறிப்பு என்று உங்களுக்குப் பழக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இதைச் சரிசெய்ய உதவும் கடமை எனக்கு உண்டு.

முதலில் 'கிளாஸ் கன்ட்ரோல்' பற்றி. அந்த வார்த்தை உங்களைப் பயமுறுத்துகிறது. அது ஏதோ பிறவியிலேயே வரும் குணம், கணீரென்ற குரலும் முறைக்கும் கண்ணும் இருந்தால்தான் வரும் என்று நினைக்கிறீர்கள். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-இல் புத்தகமாக வெளியிட்டார். பிள்ளைகள் சேட்டை செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதைத்தான் அவர் முதலில் தேடினார். நன்றாக நடக்கும் வகுப்புக்கும் குழம்பும் வகுப்புக்கும் அதில் வித்தியாசமே தெரியவில்லை. கத்தினாலும் ஒன்றுதான், மெதுவாகச் சொன்னாலும் ஒன்றுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. நல்ல ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போதே மூன்றாவது வரிசையில் என்ன நடக்கிறது என்று அறிந்திருந்தார், அவர் அறிந்திருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் போகும்போது வகுப்பைக் காத்திருக்க வைக்கவில்லை. சும்மா இருந்த நிமிடங்கள் அவர் வகுப்பில் குறைவு.

இது பழகிக்கொள்ளக் கூடியது. சைக்கிள் ஓட்டுவது மாதிரிதான், விழுந்து எழுந்து வந்துவிடும்.

இப்போது பிரம்பு. உங்களுக்கு அடிக்க வரவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவர்கள். நாளைக்கு ஒரு பெற்றோர் வந்து கேட்டால், பிரம்பைக் கையில் கொடுத்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் அதைத் தொடாமல் இருக்க வேண்டாம். அடி வாங்கிய வகுப்பு அந்த நிமிடம் அடங்கும். அடுத்த நாள் கேள்வி கேட்டால் யாரும் தப்பான விடை சொல்லமாட்டார்கள், ஏனென்றால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். பிள்ளை தப்பாகச் சொன்னால்தானே எங்கே தடுமாறுகிறது என்று நமக்குத் தெரியும்? கணக்கு வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

சாரிடம் எப்படிச் சொல்வது? அவரை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. 'சார், எனக்கு அது கை வரல. ரெண்டு வாரம் வேற மாதிரி பண்ணிப் பார்க்கிறேன். நேரம் கிடைக்கும்போது நீங்க பின்னாடி வந்து உட்கார்ந்து, எங்க தப்புன்னு சொல்லணும்' என்று கேளுங்கள். உதவி கேட்கும் இளையவரை மறுக்கும் ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிரம்பை மேசை மேல் வைத்துவிட்டு வாருங்கள், அலமாரிக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். பிள்ளைகள் கண்முன் அது தொடப்படாமல் கிடக்கட்டும்.

அவர் வகுப்பையும் உட்கார்ந்து கவனியுங்கள். மூச்சுச் சத்தம் கேட்காததற்குப் பிரம்பு மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். அவருக்கு 42 பேரின் பெயரும் தெரியும், அண்ணன் அக்காவின் பெயரும் தெரியும், யார் வீட்டில் யார் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பதும் தெரியும். நீங்கள் நான்காவது வாரத்திலும் 'கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் முதல் வேலையாக ஒரு தாளில் பெஞ்சுகளை வரைந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பெயரை எழுதுங்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது பதிவேட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். மூன்று நாளில் வந்துவிடும். 'டேய், அங்க என்ன பேச்சு' என்பது வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேரும், யாரையும் தொடாது. பெயரைச் சொல்லி, குரலை உயர்த்தாமல், 'மூணாவது கணக்கு வந்துட்டியா?' என்று கேட்டால் அது ஒருவனை மட்டும் தொடும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த முற்றொருமையையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கரும்பலகையில் சதுரம் வரைந்து, பக்கங்களுக்கு ஏ, பி என்று பெயரிட்டு, நான்கு பகுதிகளாகப் பிரித்து, கூட்டி, நிறுவி, 'புரிஞ்சுதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். 'புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்' என்று இழுத்திருப்பார்கள். அந்த இழுவை நம் ஊர்ப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே ராகத்தில் வரும். அதற்குப் பொருள், 'நீங்க அடுத்ததுக்குப் போங்க' என்பதுதான். பிறகு கணக்கு கொடுத்தால் பாதிப் பேர் ஏ வர்க்கம் கூட்டல் பி வர்க்கம் என்று எழுதி நிறுத்தியிருப்பார்கள். சரியா?

அதே பாடத்தை வலப்பக்கத்திலிருந்து தொடங்கி எழுதிப் பார்ப்போம். நீங்கள் உள்ளே நுழையும்போதே கரும்பலகையில் ஒரு கணக்கு இருக்கட்டும். இடைவேளையில் போய் எழுதி வைத்துவிடுங்கள்.

(3 + 2)² = ?
3² + 2² = ?

வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் எல்லாரும் ரஃப் நோட்டில் இரண்டையும் போட வேண்டும். வருகைப் பதிவை அதற்குள் எடுத்துவிடலாம். எட்டாம் வகுப்பில் இதைப் போடத் தெரியாத பிள்ளை அநேகமாக இருக்காது. கூட்டலும் சின்னப் பெருக்கலும் தெரிந்தால் போதும். முதல் கணக்குக்கு 25 வரும், இரண்டாவதற்கு 13 வரும். யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம். நடந்துபோய்ப் பாருங்கள். நடக்கும்போதே கடைசி பெஞ்சுக்கு முதலில் போய்விடுங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி. 'ரெண்டும் ஒண்ணுன்னுதானே நெனைச்சோம்? 25-க்கும் 13-க்கும் நடுவுல ஒரு 12 காணோம். எங்க போச்சு?'

இங்கே வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் பயிற்சி ஆசிரியருக்கு மிகக் கடினமான இடம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் யாரும் சொல்லாவிட்டால் தாங்களே சொல்லிவிடுவார்கள், அல்லது முதல் பெஞ்சில் கை தூக்கும் பிள்ளையைக் கேட்பார்கள். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் விடை நீண்டது, எப்போதும் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது சும்மா சொல்ல எளிது. 42 முகத்துக்கு முன்னால் நின்று பாருங்கள், மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். மனத்துக்குள் மெதுவாக எண்ணுங்கள். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிக் கேள்வியைப் பிறகு கேட்டால் மற்ற 41 பேரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

அடுத்து, கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஐந்துக்கு ஐந்து சதுரம் வரையச் சொல்லுங்கள். இடப்பக்க மேல் மூலையில் மூன்றுக்கு மூன்று கட்டங்களைச் சிவப்பில் நிரப்பட்டும். வலப்பக்கக் கீழ் மூலையில் இரண்டுக்கு இரண்டை நீலத்தில். சிவப்பில் 9, நீலத்தில் 4. வெறுமையாகக் கிடப்பவற்றை எண்ணச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 6, இன்னொரு பக்கம் 6. நான் இதை நடத்திய வகுப்புகளில் அந்த இடத்தில் ஒரு சத்தம் எழும். 'மிஸ், இங்க இருக்கு! பன்னெண்டு இங்க இருக்கு!' அது சந்தைக்கடைச் சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை அடக்காதீர்கள். வெளியே நடந்து போகும் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை.

உடனே சூத்திரத்துக்கு ஓடாதீர்கள். (4 + 3)² கொடுங்கள். 49 வரும். 16-உம் 9-உம் சேர்ந்து 25. காணாமல் போனது 24. இப்போது வரையாமலே சில பேர் '12-உம் 12-உம்' என்று சொல்வார்கள். பிறகு (10 + 3)². 169-க்கு 109 போக 60, அதாவது இரண்டு முப்பது. 'அந்த முப்பது எப்படி வந்துச்சு?' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்லுங்கள், உங்களிடம் இல்லை. பத்தும் மூன்றும் பெருக்கினால் முப்பது, அது இரண்டு தடவை. இவ்வளவும் ஆன பிறகு எண்ணை எடுத்துவிட்டு ஏ, பி என்று போடுங்கள். 'டூ ஏ பி' எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது. அது அவர்கள் நோட்டில் வெறுமையாகக் கிடக்கும் இரண்டு செவ்வகம்.

இந்தப் பாடத்தின் வலப்பக்கக் கட்டத்தை இப்போது எழுதினால் என்ன வரும்? 'இரண்டு கணக்கும் போடுகின்றனர்.' 'கட்டம் வரைந்து நிறம் தீட்டுகின்றனர்.' 'வெற்றுக் கட்டங்களை எண்ணுகின்றனர்.' 'பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குகின்றனர்.' இடப்பக்கம் நான்கைந்து வரியில் முடிந்துவிடும். உங்கள் மேடம் 'இடப்பக்கம் சிறிதாக இருக்கிறதே' என்று கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள், இப்படி எழுதச் சொன்னது நான்தான் என்றும் சொல்லுங்கள்.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நேரத்தை வீணாக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தார், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுத்துக் காட்டியது. சென்னை எழும்பூரில் ராணுவ அனாதை ஆண் பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை 1789-இல் ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்தத் திண்ணைப் பள்ளியைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைச் செய்தார். ஊர் திரும்பி 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன. நம் திண்ணையிலிருந்து போன சரக்கு அது. ஆனால் இன்றைக்கு நம் வகுப்பறையில் அதன் மிச்சமாக இருப்பது, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் லீடர் மட்டும்தான். அதை நிறுத்திவிடுங்கள். கணக்கை முதலில் முடிக்கும் பிள்ளையிடம் பெயர் எழுதச் சொல்லாமல், பக்கத்து பெஞ்சுக்குப் போய் ஒரு கணக்கு சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். விடையைச் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடுங்கள்.

சண்டை போட்ட அந்த இரண்டு பேர். அவர்களுடைய நோட்டைப் பார்த்தீர்களா? எட்டாம் வகுப்பில் இரண்டு இலக்க வகுத்தல் வராத பிள்ளைகள் இருப்பார்கள், ஆறாம் வாய்ப்பாடு தடுமாறுபவர்களும் இருப்பார்கள். முற்றொருமை என்று ஆரம்பித்த கணமே அவர்களுக்கு வகுப்பு முடிந்துவிடுகிறது. மீதி முப்பத்தைந்து நிமிடம் எங்கேயாவது கழிய வேண்டும், அவர்கள் பக்கத்துத் தோளில் கழித்தார்கள். கட்டம் எண்ணும் வேலையில் அவர்களால் கலந்துகொள்ள முடியும். அதனால்தான் அதை முதலில் வைத்தேன். காலை பிரேயருக்கு முன் பத்து நிமிடம் அவர்களை மட்டும் மரத்தடியில் உட்கார வைத்து, தீப்பெட்டிக் குச்சியோ புளியங்கொட்டையோ வைத்து வாய்ப்பாடு செய்யுங்கள். தண்டனை மாதிரித் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரும்பலகை துடைக்க, தாள் விநியோகிக்க உதவியாளர்களாக அவர்களையே கூப்பிடுங்கள்.

மைக்ரோ டீச்சிங் எல்லாம் செய்தும் வகுப்பில் கை கொடுக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், நீங்கள் எழுதவில்லை என்றாலும். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கியபோது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, சில மாணவர்களுக்கு மட்டும் சில நிமிடம் நடத்திப் பார்த்து, உடனே திருத்திக்கொள்வதே நோக்கம். நம் கல்லூரிகளில் உங்கள் தோழிகளே மாணவர்களாக நடிக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார்கள், யாரும் 'மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரவா' என்று கேட்பதில்லை. ஆனால் அந்தச் சுற்றைத் தூக்கிப் போட வேண்டாம். ஆறு நிமிடம் நடத்து, ஆறு நிமிடம் கருத்து, பன்னிரண்டு நிமிடம் திருத்தம், ஆறு நிமிடம் மறுபடி நடத்து, ஆறு நிமிடம் மறு கருத்து என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே பள்ளியில் உங்களோடு இன்டர்ன்ஷிப் வந்திருக்கும் தோழி இருந்தால், வாரத்துக்கு ஒரு பீரியட் அவரைப் பின்னால் உட்கார வையுங்கள். அவர் கையில் அந்தப் பெயர் எழுதிய இருக்கைப் படம் இருக்கட்டும். யார் வாய் திறந்தாலும் அந்தப் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. அவ்வளவுதான். கருத்து, பாராட்டு எதுவும் வேண்டாம். பீரியட் முடிந்ததும் அந்தத் தாளைப் பாருங்கள்.

எனக்கு அந்தத் தாளைக் காட்டியவர், நான் பயிற்சிக்குப் போன பள்ளியின் மூத்த கணித ஆசிரியர். அப்போது பி.எட். ஒரே ஆண்டு, நாற்பது நாள் டீச்சிங் பிராக்டிஸ். நன்றாக நடத்தினோம் என்று நான் மகிழ்ந்துபோயிருந்த ஒரு மதியம், அவர் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். 'இன்று பேசியவர்கள் 4 பேர். மீதி 47 பேர் எங்கே இருந்தார்கள்?' என்று பென்சிலில் எழுதியிருந்தது. திட்டவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த 47-ஐ நான் பிறகு எந்த வகுப்பிலும் மறந்ததில்லை.

இப்போது உங்களுக்கு வாய்த்திருக்கும் காலம் பெரிது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால் பி.எட். இரண்டு ஆண்டானபோது, பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் 20 வாரமானது. முதல் ஆண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் பதினாறு. ஆசிரியர் விடுப்பில் போனால் 'பி.எட் டீச்சரை அனுப்பு' என்று உங்களை வேறு வகுப்புக்கும் அனுப்புவார்கள். அலுத்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வை இல்லாத அந்த பீரியடுகளில்தான் தைரியமாகப் புதியதைச் செய்து பார்க்க முடியும். சேர்ந்தாற்போல் நாள் முழுக்க அப்படியே போனால் மட்டும் உங்கள் கல்லூரிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அது பயிற்சி இல்லை, ஆள் பற்றாக்குறையைச் சமாளிப்பது.

சில சின்ன விஷயங்கள். எழுதும்போது முழு முதுகையும் வகுப்புக்குக் காட்டாதீர்கள். பாதி திரும்பி நின்று, ஒரு வரி எழுதி, ஒரு தடவை பாருங்கள். பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, ரஃப் கணக்குகளை அங்கே மட்டும் போடுங்கள். மற்ற இடத்தில் எழுதியவற்றை பீரியட் முடியும்வரை அழிக்காதீர்கள். தாமதமாக எழுதும் பிள்ளை நீங்கள் அழித்த வரியில்தான் நின்றுவிடும். சத்தத்துக்கு மேல் சத்தம் போடாதீர்கள். தொண்டை கட்டும், வகுப்பும் தன் சத்தத்தை ஏற்றும். பேச்சை நிறுத்திவிட்டுப் பலகையில் அடுத்த கணக்கை எழுத ஆரம்பியுங்கள். ரெக்கார்டை இரவில் அழகுபடுத்துவதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் பத்து நோட்டைத் திருத்துங்கள். பத்து நோட்டு நாளைய பாடத்தைத் தானே எழுதிக் கொடுக்கும்.

லாயக்கு பற்றிய உங்கள் கேள்வி. நான்காவது வாரத்தில் யாரும் லாயக்கு இல்லை, அம்மா. பத்தொன்பது ஆண்டு அரசுப் பள்ளிகளில் நான் நடத்தியபோதும், ஜூன் மாதம் புது வகுப்புக்குப் போகும் முதல் வாரம் எனக்குக் கை வியர்க்கும். டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 கேள்விகளில் எதுவும் அதைக் கேட்காது, எந்தச் சான்றிதழும் அதைச் சொல்லாது. எனக்கு உங்கள் கடிதத்தில் தெரிந்தது வேறு. கையில் பிரம்பைக் கொடுத்தும் அடிக்க மனம் வரவில்லை. நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாடக்குறிப்பையே அனுப்பிக் குறை கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் நான் பார்த்த நல்ல ஆசிரியர்களிடம் இருந்தவை. அப்பாவின் கடனை நினைத்துக் கலங்குவது புரிகிறது. இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது, அதை முடிக்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

மேடம் எழுதிய அந்த வரியைக் கிழிக்க வேண்டாம். அடுத்த முறை அவர் வரும் தேதி தெரிந்தால், வகுப்புக்கு வெளியிலேயே அவர் கையில் இருக்கைப் படத்தைக் கொடுத்து, 'மேடம், யார் யார் பேசினாங்கன்னு புள்ளி வைக்க முடியுமா?' என்று கேட்டுவிடுங்கள். மேற்பார்வைக்கு வருபவரும் வேலை இருந்தால் மகிழ்வார்.

திங்கட்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியடில் அந்த 12-ஐத் தேடும் பாடத்தை நடத்துங்கள். சிவப்பும் நீலமும் வண்ணப் பென்சில் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள், பெஞ்சுக்கு ஒரு ஜோடி நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். அன்று மாலை, கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் நிறம் தீட்டிய பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கட்டம் கோணலாக இருந்தாலும் சரி.